நகம் பதியும் கட்டை

சௌபாக்யா நகர் நான்காம் குறுக்குத் தெருவை விட்டுத் தீ வெளியேறியது வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்காலுக்கு, இருபத்திரண்டு வீடுகளிலும் பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்பு. எழும்பிய பால் தயங்கி உள்ளே இறங்கியது. அடுப்பில் நீல வளையமாக நின்ற தீ, கூப்பிடாத வீட்டில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டோமே என்பதுபோல எழுந்து போனது. அதன் பிறகு தீக்குச்சியைக் கிழித்தால் மருந்துதான் உதிர்ந்தது. லைட்டர் பல்லி மாதிரி டிக்டிக்கென்றதோடு சரி. இண்டக்‌ஷன் அடுப்பு பாட்டுக்கு ரீங்காரம் போட்டது, மேலே வைத்த பாத்திரம் கிணற்றுக்குள் கிடந்ததுபோலச் சில்லிட்டிருந்தது. தெருமுனையிலிருந்த வேகத்தடைதான் எல்லை. அதைத் தாண்டி உள்ளே வந்த சிகரெட் அணைந்தது, ஸ்கூட்டர் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது, ஓட்டலில் ஆவி பறக்க வாங்கிய இட்லி நேற்றைய இட்லியாகிவிட்டது.

முதல் வாரம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கேஸ்காரர் வந்து குழாயை மோந்தார், மின்சாரக்காரர் வந்து கம்பத்தைத் தட்டினார், ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் வேகத்தடையின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு, டீ கூடக் கிடைக்காத தெரு என்று முனகிக்கொண்டே போனார். இரண்டாம் வாரம் தெருவாசிகள் வேகத்தடைக்கு அந்தப் பக்கம் அடுப்புகளைக் கொண்டுபோய் வைத்துச் சமைத்தார்கள். உள்ளே கொண்டுவந்தால் ஆறிவிடும் என்பதால் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சாப்பிட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாததால் இருபத்தொரு குடும்பமும் இருபத்தொரு திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்றாம் வாரம் தபால்காரரே "தீ போன தெரு" என்று சொல்லப் பழகிவிட்டார். தீ ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அங்கே எப்படிக் குடியிருந்தது என்பதுதான் அதிசயம் என்று மூன்றாம் குறுக்குத் தெருக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நம்பர் வீட்டு வனஜா மட்டும் வேகத்தடைக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடவில்லை. தை மாதத்திலிருந்தே அவள் இந்தத் தெருவின் மீது காறித் துப்பாத குறையாகத்தான் இருந்தாள். அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஒரே ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற அவளுடைய முருங்கை மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. கம்பளிப்பூச்சி வருகிறதாம், பிள்ளைகளுக்கு அரிக்கிறதாம். இருபத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டுக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து எதிர்வீட்டுச் சரோஜினியுடையது. அவள் கணவர் தணிகாசலம் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்று, மேய்க்கக் காடு இல்லாததால் சங்கத் தலைவராக ஆகியிருந்தார். வெட்டிய கிளைகளைப் பக்கத்துக் காலிமனையில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். வனஜா அந்தக் குவியலிலிருந்து கவட்டையாகப் பிரிந்த கிளை ஒன்றை இழுத்து வந்து, மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினாள், சரோஜினி காலையில் கண்விழித்து ஜன்னலைத் திறந்தால் முதலில் அது தெரிகிற மாதிரி. இரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. பேச்சு இல்லாவிட்டால் என்ன, கவட்டை பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் மிருதுளா தலைப்பிரசவத்துக்கு வர வேண்டியவள். ஆடி பிறந்ததும் சம்பந்தியம்மா கோதைநாயகியிடமிருந்து போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா," என்றாள் கோதைநாயகி. அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாகத்தான் பேசப்போகிறார்கள் என்று வனஜாவுக்குத் தெரியும். "அடுப்பு எரியாத வீட்டுக்கு வாயும் வயிறுமா இருக்கற பொண்ணை நான் எப்படி அனுப்பறது? பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் நடுரோட்டுலயா தண்ணி ஊத்துவீங்க? வளைகாப்புக்குள்ள உங்க வீட்டுல அடுப்பெரிஞ்சா சொல்லுங்க. இல்லைன்னா பிரசவத்தை நாங்களே பாத்துக்கறோம்."

அரை மணி நேரம் கழித்து மிருதுளா, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினாள். "எப்படியாவது பத்த வைம்மா. இங்க நான் குளிக்கப் போனா வெளியில நின்னு நிமிஷம் எண்றாங்க. ரெண்டாவது தடவை சோறு வாங்கினா தட்டையே பாக்கறாங்க. பிள்ளையைப் பெத்துட்டு இவங்க கையில நான் கிடக்கமாட்டேன்."

ஆவணி பத்தாம் தேதி வளைகாப்பு. காலண்டரில் அந்தத் தேதியை வனஜா பேனா முனை கிழிய வட்டம் போட்டாள்.

அந்த வாரமே ஆடிக் காற்று அடித்தது. மாடியில் காய்ந்த துணி அத்தனையும் கொடியோடு சேர்ந்து முன்னும் பின்னும் இழுபட, கயிற்றுக் கொடி கவட்டையின் பிளவில் கிடந்து ரம்பம்போல அறுத்தது. துணி எடுக்கப் போன வனஜா நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு மாதமாக அந்தத் தெருவில் யாரும் மோந்திராத வாசனை. கயிறு அறுத்த பள்ளம் கறுத்திருந்தது, அதிலிருந்து ஊதுபத்திப் புகைபோல ஒரு நூல் எழுந்து காற்றில் கலைந்தது.

இதை அவள் கணவரிடம் சொன்னதுதான் தப்பு. பூமிநாதன் மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், வாயில் எதுவும் தங்காது. கட்டையோடு கட்டை தேய்த்தால் தீ வரும் என்று உராய்வு விதிகளோடு தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாளே சங்கக் கூட்டம்.

"தீங்கறது லேசுப்பட்ட விஷயமில்ல," என்று ரேஞ்சர் தணிகாசலம் மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோலப் பேசினார். "அதோட அந்தஸ்துக்குத் தகுந்த மரம் வேணும். முப்பது வருஷம் காட்டுல இருந்தவன் சொல்றேன். தேக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். எல்லார் வீட்டு வாசல் கதவும் தேக்கு என்று சொல்லி வாங்கியது. பழைய தேக்குச் சட்டம் ஒன்றை அறுத்துப் பலகையும் குச்சியும் செய்து, குச்சியில் கயிற்றைச் சுற்றி, வில்லால் இழுத்து நாலு ஆண்பிள்ளைகள் மாறி மாறிக் கடைந்தார்கள். கட்டை பன்றிக்குட்டி மாதிரி வீறிட்டது, தேய்ந்த இடம் முகம் பார்க்கிற கண்ணாடியாகப் பளபளத்தது, கைதான் கொப்பளித்தது. கோயில் அர்ச்சகர் அரசும் வன்னியும்தான் சாஸ்திரம் என்றார். உடனே ஏணி போட்டுக் கோயில் அரசமரத்திலிருந்து பால் சொட்டச் சொட்ட ஒரு கொப்பை ஒடித்து வந்தார்கள். கடையக் கடைய அதிலிருந்து தண்ணீர் வந்தது. பூமிநாதன் டிரில்லிங் மெஷினில் குச்சியைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். மோட்டார் சுற்றினால் கட்டை தேய்ந்ததே தவிரச் சூடேறவில்லை. தீ கையைத்தான் கேட்டது.

ஆடி மாதக் கடைசிக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து வனஜா எழுந்தாள். "ரேஞ்சர் சார் கதவுக்கு மரம் பாக்கறார். இது கதவில்ல. தேக்குல எண்ணெய் இருக்கு, வழுக்கத்தான் செய்யும். அர்ச்சகர் கொண்டாந்தது உசுரோட இருக்கற மரம், அழத்தான் செய்யும். காய்ஞ்ச கட்டை வேணும், லேசான கட்டை வேணும், நகத்தால அழுத்தினா நகம் பதியணும். காலிமனையில ஏழு மாசமா வெயில் குடிச்சுக்கிட்டுக் கிடக்கே என் முருங்கை, அது."

முதல் வரிசையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, கூட்டத்துக்குச் சொல்வதுபோலச் சரோஜினி சொன்னாள். "முருங்கைக் கட்டையை அடுப்புல வைக்கற வீடு எங்கயாவது உண்டா? குப்பைக்காரன்கூட எடுக்கமாட்டேன்னுட்டுப் போன கட்டை."

கூட்டம் சிரித்தது. வனஜா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே காலிமனைக்குப் போனாள்.

இருபத்தாறு வருஷம் காய்கறிக் கடையில் காய் பொறுக்கி நின்றவளுக்குக் கட்டை பார்ப்பது ஒரு வித்தையா? வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பதுபோலச் சுள்ளியை ஒடித்தாள். வளைந்தால் தூர எறிந்தாள், பட்டென்று அப்பளமாக உடைந்தால் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள். நகமே இறங்காவிட்டால் வழுக்கும், மாவாக உதிர்ந்தால் உளுத்தது, பிறைநிலா மாதிரி ஒரு தடம் விழுந்து நின்றால் அதுதான் கட்டை. பிசின் வடிந்து இறுகிய பக்கங்களை ஒதுக்கினாள். கடைவதற்குக் குச்சி அதே மனையின் ஓரத்தில் நின்றது, பட்டுப்போன எருக்கு, விரல் கனத்தில், நேராக. தெருவே வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அங்கேதான் முளைத்தும் கிடந்தும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பலகையின் ஓரத்தில் குழி தோண்டினாள், பொடி விழ ஒரு வெட்டு வெட்டினாள், கொய்யாக் கொம்பை வளைத்துப் பாவாடை நாடாவைக் கட்டி வில்லாக்கினாள். குச்சியின் தலையை அழுத்திப் பிடிக்கக் கொட்டாங்கச்சி, பொறியை ஏந்திக்கொள்ளத் தேங்காய் நாரும் தலையணையிலிருந்து பிடுங்கிய இலவம்பஞ்சும். வில்லை இழுத்ததும் மூன்றாவது நிமிஷமே புகை வந்தது. ஆனால் அழுத்த வேண்டிய இடது தோள் இரண்டு வருஷமாக இறுகிப்போயிருந்தது, தூக்கினால் உயிர் போகும். கணவரை அழுத்தச் சொன்னாள். பூமிநாதனின் கையில் எப்போதுமே அழுத்தம் கிடையாது. அவர் பிடித்தால் குச்சி துள்ளும், துள்ளினால் "சாரி வனஜா" என்பார், அவர் சாரி சொல்லி முடிப்பதற்குள் குழி ஆறிவிடும்.

அந்தப் புகையை எதிர்வீட்டு ஜன்னல் பார்த்துவிட்டது. மறுநாள் காலை காலிமனை துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. சங்கம் அவசரத் தீர்மானம் போட்டுக் கட்டைகள் பொதுச்சொத்து என்று அள்ளிப்போய், வனஜா வீட்டில் செதுக்கி வைத்திருந்த பலகையையும் பூமிநாதனிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போய், சங்க அறையில் அடுக்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் அவர்களுக்குத் தீ கிடைத்திருக்கும். ஆனால் நல்ல காரியத்தை அப்படியே ஆரம்பித்துவிட இந்தத் தெருவுக்கு மனசு வருமா? அர்ச்சகரை வரவழைத்தார்கள். கட்டை ஒவ்வொன்றையும் பன்னீரால் கழுவி, பாலால் கழுவி, மஞ்சள் பூசி, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துப் பூ வைத்துக் கும்பிட்டார்கள். நல்ல நேரத்தில் ரேஞ்சர் வில்லை இழுத்தார். கட்டை மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று சிரித்துக்கொண்டு சும்மா இருந்தது.

வனஜா தை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்த்துவிட்டுக் கவட்டையைக் கீழே இறக்கினாள். ஆறடிக் கட்டை, தெருவில் மிச்சமிருந்த ஒரே காய்ந்த முருங்கை. வளைகாப்புக்குப் பதினோரு நாள் இருந்தது.

கவட்டையைப் பலகையாகப் பிளந்து முற்றத்தில் வைத்துக்கொண்டு அவள் ஒற்றைத் தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சரோஜினி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. எண்பது கிலோ உடம்பு, மூக்கில் எட்டுக்கல் பேசரி.

"அந்தக் கவட்டையும் சங்கத்தோடதுதான். கொடுத்துடு."

"வாங்கக்கா. வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"அக்கா நொக்கான்னு பேசாத. அந்த மனுஷன் ரோட்டுல உக்காந்து சாப்பிடமாட்டேன்னு மூணு மாசமா தண்ணில ஊறப்போட்ட அவலைத் தின்னுட்டு என் உயிரை வாங்கறார். கொடு அதை."

"என்னத்துக்கு? எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டவா?"

"இந்த ஊளைக் கட்டையில தீ வரும்னு நீதான் ஊரை ஏமாத்தறே."

"வராதுன்னு உங்களுக்கு அவ்வளவு நிச்சயம்னா உக்காருங்க. அந்தக் கொட்டாங்கச்சியைப் பிடிச்சு அழுத்துங்க. வராதுன்னு காட்டிட்டுக் கட்டையை எடுத்துட்டுப் போங்க."

சரோஜினி உட்கார்ந்தாள். நிரூபிக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் எண்பது கிலோவையும் அந்தக் கொட்டாங்கச்சியின் மேல் இறக்கினாள். குச்சி அசையவில்லை, ஆணி அடித்ததுபோல நின்றது. வனஜா வில்லை இழுத்தாள். எருக்கு முனை முருங்கைக் குழிக்குள் சுழன்றது. முதலில் வெளிர்பழுப்புப் பொடி விழுந்தது, மாவு மாதிரி, உபயோகமில்லாத பொடி.

"இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்றாள் சரோஜினி.

"ஆட்டம் யாரு ஆடினது? என் மரத்துக்கு மொத ஆளா கையெழுத்துப் போட்ட கைதானே இது? அழுத்துங்க!"

"போடுவேன். இன்னொரு மரம் வச்சாலும் போடுவேன். தெரு பூரா முருங்கைக்காய் கொடுத்தியே, எங்க வாசல் வந்தா மட்டும் கூடையை முந்தானையால மூடிக்கிட்டுப் போனியே! என் ஜன்னலுக்கு நேரே காய் தொங்கும், நான் சந்தையில விலை பேசி வாங்கிக்கிட்டு வருவேன். பன்னெண்டு வருஷம்!"

வில் வேகமெடுத்தது. பொடி பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. இருவரும் பார்க்கவில்லை.

"ஏன் மூடினேன்? என் பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு வந்த இடத்துல, தட்டை வச்ச கையோட, பொண்ணு கறுப்பா இருக்காளே, பத்துப் பவுன் கூடப் போட்டாத்தான் தள்ளிவிட முடியும்னு சொன்ன வாய் எது? பதிமூணு வயசுப் பிள்ளை, கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னைக்கு ராத்திரி சோப்பைப் போட்டு முகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரத்தம் வந்துது, தெரியுமா உனக்கு?"

"உனக்கு" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகக் கட்டிவைத்திருந்த "உங்களுக்கு" அவிழ்ந்து போனது. சரோஜினியின் முகம் சிவந்தது, கை இன்னும் ஒரு பிடி அழுத்தியது, குழியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பி இரண்டு பேர் மூக்கிலும் ஏறியது. வில் நின்ற பிறகும் புகை நிற்கவில்லை. வெட்டில் குவிந்திருந்த கரும்பொடிக்குள், மூக்குத்திக் கல் அளவுக்கு, சிவப்பாக ஒன்று கண் திறந்திருந்தது.

வனஜா அதை இலவம்பஞ்சுக்குள் தட்டினாள், நாரில் பொதிந்து ஊதினாள். முற்றத்தில் தீ எழுந்து நின்றது, எங்கேயும் போகாததுபோல. அடுப்பில் பற்றவைத்தாள், தண்ணீர் கொதித்தது, இரண்டு டம்ளர் காபி கலந்தாள். சரோஜினி, வேகத்தடைக்கு இந்தப் பக்கம் மூன்று மாதத்தில் கிடைத்த முதல் சூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டிகாஷன் தண்ணி," என்றாள்.

ஒரு விறகில் தீயெடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பியவளுக்கு வாசற்படியிலேயே அது அணைந்தது. அப்புறம்தான் தெரிந்தது, திரும்பி வந்த தீ பழைய தீ இல்லை. பிறந்த வீட்டைத் தாண்டாது, சமையல் முடிந்து பாத்திரம் இறங்கியதும் போய்விடும், வேளைக்கு வேளை புதிதாகக் கடைய வேண்டும். "வந்து தொலை" என்றாள் சரோஜினி. வனஜா பலகையையும் வில்லையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுப் படியேறினாள், ஏறும்போதே கோலம் கோணல் என்று சொல்லிக்கொண்டு. ரேஞ்சருக்கு அன்று சுடச்சுட உப்புமா கிடைத்தது. அவர் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினார்.

தெரு அதைக் கற்றுக்கொள்ளப் பத்து நாளாகவில்லை. தம்பதிகள் கடைந்தால் பெரும்பாலும் புகையோடு சரி. ஒத்துப்போகிற அக்கா தங்கைகளுக்குப் புகைகூட இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ளூர ஒரு கணக்குப் பாக்கி இருந்தால்தான் அழுத்துகிற கை அழுந்தி, இழுக்கிற கை விசையாக வந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை, கோபத்தில் மாவு பிசைந்தால் சப்பாத்தி மிருதுவாக வருவதில்லையா என்றாள் வனஜா. ஆகவே வீட்டுக்கு வீடு எதிரிகளைத் தேடிக்கொண்டு போனார்கள், அதற்கு அந்தத் தெருவில் பஞ்சமில்லை. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணிவரை தெரு முழுக்கச் சண்டை, சாக்கடை அடைத்தது, தண்ணீர் மோட்டார் போட்டது, எவனோ எவளையோ பார்த்தது எல்லாம் வெளியே வந்து விழ, கூரை கூரையாகப் புகை எழுந்தது. மாடிப் போர்ஷனில் புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு மட்டும் ஏழு வாரம் பச்சை ரொட்டிதான். எட்டாவது வாரம் அவன் அவளுடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னான், அன்று அவர்கள் வீட்டில் பொங்கல் வாசனை வந்தது. தெருப்பெண்கள் ஆப்பிள் பெட்டிப் பலகை, உடைந்த பூவரசு உலக்கை, பழைய தொட்டில் சட்டம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வனஜாவிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் நகத்தை ஊன்றி, கன்னத்தில் வைத்து, "இது ஆகும்", "இதை வச்சுப் பல்லு குத்து" என்று தரம் பிரித்துக் கொடுத்தாள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவரையும் வரிசையில் கடைசியாக நிற்கவைத்தாள். எல்லாருமே கையெழுத்துப் போட்டவர்கள் என்பதால் வரிசை நகரச் சிரமப்பட்டது.

வளைகாப்புக்கு முந்தின நாள் கோதைநாயகி சோதனை போட வந்தாள். வேகத்தடையில் கார் நின்றுபோக, தள்ளுகிற ஆட்களுக்குப் பின்னால் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா, கண்ணால பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"பாருங்க. பாக்கறதோட ஏன் நிறுத்தறீங்க? இப்படி உக்காந்து இதை அழுத்துங்க," என்றாள் வனஜா. "என் பொண்ணு குளிக்கப் போனா நிமிஷம் எண்ற கைதானே?"

கோதைநாயகியின் கை கொட்டாங்கச்சியின் மேல் இறுகியது. "ரெண்டு தடவை சோறு போட்டுக்கற பொண்ணை எண்ணாம என்ன செய்யறது? தப்பா எடுத்துக்கா..." என்று அவள் முடிப்பதற்குள் பொறி விழுந்துவிட்டது. இருபது நொடி. நான்காம் குறுக்குத் தெருவில் அதைவிடச் சீக்கிரமாக அதுவரைக்கும் தீ வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோதைநாயகி மிருதுளாவை அனுப்பச் சம்மதித்தாள். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு மிருதுளா தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், வந்ததும் ஒரு மணி நேரம் குளித்தாள். வனஜா கடிகாரத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் சூரியனே இல்லை. கட்டையெல்லாம் ஈரம் குடித்தது. பூவரசு, ஆப்பிள் பெட்டி எதை எடுத்துக் கன்னத்தில் வைத்தாலும் சில்லென்றிருந்தது. தெரு மறுபடியும் வேகத்தடைக்கு அப்பால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நின்றது. ஆறடிக் கவட்டை குழி குழியாகக் கடைபட்டுக் கரைந்து ஒரு சாண் துண்டாக மிஞ்சியிருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மோட்டாரின் இளஞ்சூட்டில், துணியில் சுற்றி அதை வனஜா ஒளித்து வைத்திருந்தாள். மோட்டாரின் அந்தச் சூட்டைத் தீ ஏனோ விட்டுவிட்டுப் போயிருந்தது. துண்டில் இன்னும் ஒரு குழிக்கு இடம் இருந்தது, ஒரே ஒரு குழிக்கு.

அந்த மழையில்தான் மிருதுளாவுக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வேகத்தடைவரை வந்தது, அங்கிருந்து குடையும் கைத்தாங்கலுமாக நடந்து வந்தார்கள். வழியெல்லாம் நனைந்து மிருதுளாவுக்குப் பல் கிட்டியது. குழந்தையின் பாதம் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருந்தது. வனஜா வாசலுக்கு வந்து, மழைக்கு மேலே, கத்தினாள். "சரோஜினி! வா!"

சரோஜினி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய முருங்கைப் போத்து, தங்கச்சி வீட்டு மரத்திலிருந்து வெட்டி வந்தது, நடுவதற்கு. அதை வாசலோரம் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தாள், கொட்டாங்கச்சியைப் பிடித்தாள். வனஜா கடைசிக் குழியில் எருக்கை ஊன்றி வில்லைப் பூட்டினாள்.

கூடத்தில் மிருதுளா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். துண்டுக்கு வெளியே குழந்தையின் முகம் தெரிந்தது. அம்மாவைப் போலவே நல்ல கறுப்பு, நாவல்பழத் தோல்.

சரோஜினி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வில் சுழல ஆரம்பித்ததும் அவள் கை தளர்ந்தது, குச்சி துள்ளியது.

"வனஜா," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அன்னைக்கு மஞ்சத்தண்ணியில நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பச்சைப் பிள்ளையை... என் நாக்குல..."

கண்ணீர் உருண்டு, எட்டுக்கல் பேசரியில் ஒரு கணம் தங்கி, குழிக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பலகையில் விழுந்தது. முருங்கை அதை உடனே குடித்துவிட்டது. பொடி வெளுப்பாக விழுந்தது.

பன்னிரண்டு வருஷமாக வனஜா காத்திருந்த வார்த்தை அது. அவள் அதற்கு எத்தனையோ பதில் வைத்திருந்தாள், குளிக்கும்போதும் கோலம் போடும்போதும் ஒத்திகை பார்த்த பதில்கள். இப்போது அவள் கையும் மெதுவாகியது, கட்டை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை தும்மியது.

"நிறுத்து!" என்று வனஜா கத்தினாள். "மன்னிப்புக் கேக்க நேரம் பாத்தா வந்தே? கட்டையை நனைக்காத! அப்புறம் அழு, நாள் பூரா அழு, நானே பாய் போட்டுத் தரேன். இப்பத் திட்டு!"

"எனக்கு வரமாட்டேங்குது வனஜா."

"என்னத்த வராது? மரத்தை வெட்டத் தெரிஞ்சவளுக்கு வாய் வராதா? அந்தப் போத்தை வேற தூக்கிக்கிட்டு வந்துட்டா. அதுல காய் காய்ச்சா உனக்கு ஒண்ணு தருவேன்னு நினைக்காத. தெருவுக்கே கொடுத்துட்டு உன் வாசல்ல மூடிக்கிட்டுத்தான் போவேன்!"

சரோஜினி மூக்கை உறிஞ்சினாள். நிமிர்ந்தாள். குழந்தையை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் வனஜாவை.

"போ, போ," என்றாள், கொட்டாங்கச்சியில் உள்ளங்கையை அமுக்கிக்கொண்டு. "நீ தந்தாலும் எவ தின்பா? உன் மரத்துக் காய் நார் நாரா இருக்கும். பேத்தி பாவம், நிறத்துல அம்மா மாதிரி லட்சணமா வந்துட்டு, மூக்குக்கு மட்டும் உன்னைத் தேடிப் போயிருக்கு. மிளகாய் பஜ்ஜி மாதிரி."

"பஜ்ஜியா? உன் முகத்துக்கு முன்னாடி..."

வில் பாய்ந்தது. எண்பது கிலோவும் குழிக்குள் இறங்கியது. பொடி பழுப்பாகி, கறுப்பாகி, குழியின் விளிம்பு கருகி, மழை வாசனையைத் தள்ளிக்கொண்டு புகை எழுந்தது. முருங்கையின் கடைசித் துண்டு அடிவரைக்கும் துளைபட்டு இரண்டாகப் பிளந்த அதே நொடியில் சிவப்புக் கண் திறந்தது.

வெந்நீர் கொதித்தது, விளாவினார்கள். வனஜா கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்தினாள், சரோஜினி முழங்கையால் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினாள். நீலம் பாரித்திருந்த பாதங்கள் சூடேறின. குழந்தை வீறிட்டு அழுதது, நல்ல கோபக்கார அழுகை. சாம்பிராணி போட்டு, துணியில் சுற்றி, தாயிடம் கொடுத்தார்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறங்கியது, தீ போனது.

இரண்டு பேரும் நனைந்த சேலையோடு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். சரோஜினி முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"வனஜா, அன்னைக்கு நான் சொன்னது..."

வனஜா அதற்குள் எழுந்துபோய், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவி, ஈரமில்லாத வேறு கட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய மணைப் பலகை அகப்பட்டது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள், பிறைநிலா விழுந்தது.

"சாயங்காலம் மறுபடியும் தண்ணி சுடணும்," என்றாள் திரும்பாமலே. "வாயை மூடு."